பனை வேலையைப் பக்குவத்தோடு எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களில் வளர்ந்து அங்கேயே பாடுபட்டவர்களின் நினைவுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தோம். நம் பக்கத்துக் கடிதங்களில் கோயில் கொடை விழா இருந்தது, ஆற்றுக் குளியல் இருந்தது, மாட்டு வண்டிப் பயணம் இருந்தது. அந்த ஊர்களில் அன்றாடம் நடந்த வேலை எப்படி நடந்தது என்று ஒரு கடிதத்திலும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

இங்கிலாந்தில் இப்படிக் கிராம நினைவுகளைத் தொகுத்தவர்கள் வேலையைத்தான் முதலில் கேட்டார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் 1948-ல் சஃபோக் பகுதியின் பிளாக்ஸ்ஹால் கிராமத்துக்குக் குடிபோய், அண்டை வீட்டுக் கிழவர்களிடம் ஆடு மேய்ப்பு, குதிரை உழவு, அறுவடை என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அறுவடைக்கு முன் கூலியாட்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு 'லார்டு' என்று பேர், அவருக்கு அடுத்து அரிவாள் வீசுகிறவர் ஆணே ஆனாலும் 'லேடி'. பண்ணைக்காரரிடம் மொத்த அறுவடைக்கும் கூலி பேசி முடிப்பது அந்தத் தலைவர் பொறுப்பு. உழவுப் பாத்தியின் அகலத்தை விதைக்கும் கருவியின் அகலத்துக்குப் பொருந்த வைத்தார்கள் என்பது போன்ற சங்கதிகள் எல்லாம் எழுத்தில் நின்றதால்தான் இன்றைக்கும் தெரிகிறது. ரெடிங் பல்கலைக்கழகம் 1951-ல் கிராம வாழ்க்கைக்கென்றே அருங்காட்சியகம் தொடங்கி, கலப்பையும் கூடையும் வண்டியுமாகச் சேர்த்தது. 1965-ல் விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற பெண்கள் சங்கங்கள் தங்கள் பொன்விழாவுக்காக ஊர் ஊராகக் குறிப்பேடு தொகுத்தன. அதைச் செய்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே.

நம் பக்கம் முதலில் எழுதி வைக்க வேண்டியது பனைத் தொழில். திசையன்விளை, இடையன்குடி, உவரி, சாத்தான்குளம், உடன்குடி என்று நீளும் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஊர்களுக்கெல்லாம் இது பொது. (1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். காடு அந்த எல்லையைப் பார்ப்பதில்லை.) மரத்துக்கு இப்போது பாதுகாப்பு வந்திருக்கிறது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மரத்தில் ஏறவும் கருப்பட்டி காய்ச்சவும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்துக்கு எந்த அரசாணையும் காவல் நிற்காது.

'எங்கள் தாத்தா தினமும் முப்பது பனை ஏறுவார்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு மலைப்பு வரும், வேலை வராது. அந்த முப்பது பனையில் என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும். எந்த அளவுக்கு எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக எங்களுக்குத் தெரிந்ததைக் கீழே தருகிறோம். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். மாறுகிற இடத்தைத் திருத்தி எழுதினால் இன்னும் நல்லது.

பதநீர் இறக்குவது தை, மாசியில் தொடங்கி ஆடி வரை போகும். சித்திரை, வைகாசிதான் கனத்த மாதங்கள். அதற்கு முன்பே மரத்தின் தலையைக் கழித்துவிட வேண்டும். காய்ந்த ஓலை, பழைய மட்டை, மட்டையடியில் வலை போலிருக்கும் பன்னாடை எல்லாவற்றையும் நீக்கி, பூங்குலையான பாளைக்கு அருகே உட்கார இடம் பண்ணி, கையை அறுக்கும் கருக்குகளைச் சீவி விடுவது இதில் அடக்கம். பச்சை ஓலையை ஆசைக்கு வெட்டினால் மரம் தளரும், அடுத்த வருஷப் பாளை சிறுத்துப்போகும். ஓலைக்கு விலை இருக்கிற காலத்தில் இந்தத் தவறு அதிகம் நடக்கும்.

ஏறுகிறவர் இடுப்பில் அரிவாள்பெட்டி தொங்கும். அதற்குள் இரண்டு அரிவாள். ஒன்று மட்டை கழிக்க, மற்றது பாளை சீவ மட்டும். பாளை அரிவாளால் வேறு எதையும் தொடக் கூடாது. பாளையின் நார்க்கண்கள் வழியாகத்தான் நீர் சொட்டுகிறது. மழுங்கிய அரிவாள் அந்த முகத்தை அறுக்காமல் நசுக்கிவிடும், கண் அடைபட்டு அன்றைக்குக் கலயம் காலியாக வரும். அதனால் கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தினமும் தீட்டுவார்கள். பெட்டியோடு பாளையை நசுக்கும் கடிப்பும், சுண்ணாம்பும், அதைத் தடவ நார்த் தூரிகையும் போகும். மரத்தில் சாய்த்து முதல் பிடி ஏறுவதற்கு முருக்குத்தடி. காலுக்கு நார் வளையமான தளைநார். தளைநார் நீளமாக இருந்தால் பாதம் மரத்தைக் கவ்வாது, குட்டையாக இருந்தால் கால் அகலாது, ஏறுகிறவர் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். அடிமரம் பருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதை மனதில் வைத்தே அதன் நீளத்தைக் கட்டுவார்கள். மரத்தோடு உரசுகிற மார்புக்குத் தோல் கட்டிக்கொள்வதும் உண்டு.

ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் வேலை வேறு. பனங்கொட்டை முளைத்துப் பாளை தள்ள பதினைந்து இருபது வருஷம் ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்பனையில், அதாவது அலகுப்பனையில், பாளை விரல் விரலாகப் பிரிந்து வரும். மேல் உறையை நீக்கி, விரல்களைச் சேர்த்துக் கட்டி, கடிப்புக்குள் வைத்து அடியிலிருந்து நுனி வரை நசுக்க வேண்டும். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கி, கூடவே நுனியையும் சீவி வந்தால், ஒரு வாரம் போல ஆனதும் நீர் கசியத் தொடங்கும். அதன் பிறகுதான் கலயம் கட்டுவது. அழுத்தம் கூடினால் பாளை கறுத்துக் கருகிவிடும், குறைந்தால் நீர் இறங்காது. இந்த அழுத்தம் எவ்வளவு என்று எழுத்தில் சொல்வது கடினம். அதனால் இதைப் படம் பிடித்தும் வைக்க வேண்டும். பெண்பனையில் பிஞ்சு பிடித்த பாளையை, பிஞ்சுகளுக்கு இடையே காம்பைப் பார்த்துப் பார்த்து நசுக்க வேண்டும். அதற்குக் கடிப்பும் வேறு அளவு.

காலையும் மாலையும் ஏறி நுனியைச் சீவியாக வேண்டும். சீவல் அரை நூல் கனம், மிஞ்சினால் ஒரு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). சீவாமல் விட்டால் முகம் காய்ந்து கண் மூடிக்கொள்ளும். தடிமனாகச் சீவினால் மாதக்கணக்கில் ஓட வேண்டிய பாளை பாதியிலேயே தீர்ந்துவிடும். பண்டிகைக்கும் லீவு கிடையாது. ஒரு நாள் விட்டால் மறுநாள் அந்தப் பாளையைத் திரும்ப வழிக்குக் கொண்டுவரப் பல நாள் மெனக்கெட வேண்டும். பனையேறி குடும்பங்கள் பருவம் முழுவதும் காட்டிலேயே விடிலி என்ற ஓலைக் குடிசை கட்டிக் குடியிருந்ததற்கு இது முக்கியமான காரணம்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். பாளையிலிருந்து சொட்டும் நீர் சும்மா இருந்தால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்சுவர் முழுவதும் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும், பதநீர் பதநீராகவே கீழே வரும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், இந்தச் சுண்ணாம்பு தொழிலுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் காவல். ஒவ்வொரு முறை கலயத்தை இறக்கும்போதும் கழுவி, புதிதாகத் தடவ வேண்டும். உள்ளே வெள்ளை ஒரே சீராகப் படிய வேண்டும், அடியில் குழம்பாகத் தேங்கக் கூடாது. குறைந்தால் பதநீர் புளிக்கும். கூடினால் நாக்கில் காரும், கருப்பட்டி கறுத்துக் கசக்கும், இறுகாமல் பிசுபிசுக்கும். மண் கலயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. மண்ணின் நுண்துளைகளில் பழைய புளிப்பு ஊறிக் கிடக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. அப்படிப்பட்ட கலயத்தை நன்றாக வெயிலில் காய வைத்து, உள்ளே ஓலைத் தீ காட்டிச் சுட்டெடுக்க வேண்டும். ஒரு மரத்துப் பதநீர் மட்டும் தொடர்ந்து புளித்தால் முதலில் பார்க்க வேண்டியது கலயத்தை.

மழை பெய்தால் கலயத்தில் தண்ணீர் சேரும். ருசி குறைவதோடு, அதைக் காய்ச்ச விறகும் கூடுதலாக வேண்டும். எறும்பும் குளவியும் தேனீயும் மொய்க்கும், அணில் வரும், ராத்திரி மரநாய் வரும். கலயத்தின் வாயைப் பன்னாடையால் மூடி வைப்பது அதற்காகத்தான். கீழே வந்ததும் வடிகட்டுவதும் பன்னாடையில்தான்.

இனி விடிலிக்குள் நடப்பது. பனைத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மரத்தோடு நின்றுவிடுகிறார்கள். கருப்பட்டி ஆவது அடுப்படியில், அதைச் செய்வது பெண்கள். ஏறுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அடுப்பில் பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுவதும் போச்சு. ஆனாலும் பேட்டி, படம் எல்லாம் மரத்தில் இருப்பவருக்கு, அடுப்பில் இருப்பவர் பேர் கூட வருவதில்லை. இந்தக் குறையை இந்த முறையாவது தீர்க்க வேண்டும்.

காலையில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு இருந்தாலும் நேரமானால் புளிப்பு தொடங்கும். புளித்த நீரில் உள்ள அமிலம் சர்க்கரையை உடைத்துவிடும். உடைந்த சர்க்கரை கட்டியாக உறையாது, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். எத்தனை நேரம் கிளறினாலும் கருப்பட்டி இளகியே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

பத்து லிட்டர் பதநீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. நல்ல வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும், மழை விழுந்தால் குறையும். மற்ற ஒன்பது பங்கு நீரும் ஆவியாகப் போக வேண்டும் என்பதால் எரிபொருள்தான் இதில் பெரிய செலவு. காய்ந்த ஓலை, மட்டை, உடைமர முள் ஆகியவை காட்டிலேயே கிடைத்தவரை தொழில் கட்டுப்படியானது. விறகை விலைக்கு வாங்கும் நிலை வந்த ஊர்களில் காய்ச்சுவதை விட்டுவிட்டு, பதநீரை அப்படியே விற்றுவிடுகிறார்கள்.

முதலில் தீயைத் தாராளமாக வைக்கலாம். கொதி ஏறும்போது நுரை பொங்கும். அப்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டால் அதிலுள்ள எண்ணெய் நுரையை அடக்கிவிடும். நீர் சுண்டிப் பாதிப் பாகாகும் நிலைக்குக் கூப்பதனி என்று பேர். பனங்கற்கண்டு வேண்டுமென்றால் இந்தக் கட்டத்துக்குப் பிறகு வழி பிரியும். பாகைப் பானையில் ஊற்றி நூலைத் தொங்கவிட்டு நாற்பது நாள் போல அசைக்காமல் வைக்க வேண்டும். கருப்பட்டிக்கு அடுப்பிலேயே தொடர வேண்டும், ஆனால் தீயைத் தணித்து, துடுப்பை நிறுத்தாமல். இங்கே ஒரு நிமிஷம் கவனம் தவறினாலும் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த கசப்பை எடுக்க வழியே இல்லை.

பதம் பார்ப்பது இரண்டு விதம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரைந்து ஓடினால் பச்சை. விரலில் உருட்ட வந்தால் நெருங்கிவிட்டது. உருண்டை இறுகி நின்றால் இறக்க வேண்டியதுதான். கைத்தேர்ந்தவர்களுக்குத் தண்ணீரே வேண்டாம். கொதிக்கும் சத்தம் மாறும். முதலில் சளசளவென்று கேட்கும் கொதி, பாகு தடிக்கத் தடிக்க ஒவ்வொரு குமிழாக 'தொப் தொப்' என்று வெடிக்கும். இறக்கிய பிறகும் பாகு மங்கிக் குருணை கட்டும் வரை துடுப்பால் கிண்ட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் மேலே ஒரு பக்குவமும் கீழே ஒரு பக்குவமுமாக உறையும். தண்ணீரில் ஊறிய சிரட்டைகளை மணலில் வரிசையாகப் பதித்து அதில் ஊற்றுவார்கள். காய்ந்த சிரட்டையில் ஊற்றினால் ஒட்டிக்கொண்டு உடைந்துதான் வரும்.

சேமிப்பதையும் கேட்டு எழுத வேண்டும். ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புப் புகை படுகிற பரணில் ஏற்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கசியாது. கேஸ் அடுப்பு வந்து புகை போன வீடுகளில் கருப்பட்டி கசிவதைச் சரக்கின் குறை என்று நினைக்கிறார்கள். சீனி கலந்த சரக்கு சந்தையில் நிறைய நடமாடுவதும் உண்மை. உடைத்துப் பார்த்தால் முகத்தில் சீனி மினுக்கம் தெரியும். நல்ல கருப்பட்டியின் முகம் மங்கலாகத்தான் இருக்கும். இது ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல முடியாது, வாங்குகிறவர்களுக்கு ஒரு முதல் சோதனை.

பனையைப் போலவே குளத்து வேலையும். தாமிரபரணியின் கால்வாய்களை நம்பிய ஊர்களில், வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிகளிடம் கேட்க வேண்டியது ஏராளம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் மடை திறக்கும் முறை எப்படி மாறும், தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடைக்கு எப்படிப் பங்கு போட்டார்கள், கூலி நெல் எந்த மரக்காலால் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கரை உடையுமுன் என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். கரையில் நண்டு வளையோ எலி வளையோ இருந்தால், குளம் நிறையும்போது தண்ணீர் அதன் வழியே கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். கசிவு தெளிவாக வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால் உள்ளே மண் போகிறது என்று அர்த்தம், உடனே ஆள் திரட்ட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, எத்தனையோ குளங்கள் உடைந்தன. அந்த அளவு மழையை எந்தக் கரையும் தாங்கியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எந்தக் கரையில் எந்த இடம் நோஞ்சான் என்று ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அது எழுத்திலும் இருக்க வேண்டும்.

பத்தமடையில் பாய்க்குக் கோரை கிழித்து ஊறவைப்பதும், காருகுறிச்சியில் மண்பாண்டத்துக்கு மண் மிதிப்பதும் இதே கணக்கில் சேரும். அவற்றை அந்தந்த ஊர்க்காரர்களே எழுதுவதுதான் முறை.

கேட்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?' என்று தொடங்கினால், 'நல்லா இருந்துச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'ஆச்சி, பாகு முறிஞ்சு போச்சுன்னா என்ன செய்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர்கள் கெட்டுப்போவதைப் பற்றித்தான் ஆர்வமாகப் பேசுவார்கள், பக்குவம் அதிலிருந்து தானாக வெளிவரும். அரிவாளையோ கடிப்பையோ கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வாய் மறந்ததைக் கை மறக்காது. கருவிகளைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள், அளவு தெரியாத படத்தைப் பார்த்து யாரும் கருவி செய்ய முடியாது. 'கொஞ்சம்', 'ஒரு கை' என்று சொன்னால் அந்தக் கொஞ்சத்தை அளந்து பாருங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையையே எழுதுங்கள், பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். ஒருவர் சொன்னதை அடுத்த ஊரில் இன்னொருவரிடம் கேட்டு, இருவரும் மாறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். பருவத்தில் போக முடிந்தால் போங்கள், ஆனால் காலை வேளையில் மரத்தடியில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அது அவர்கள் பதநீர் புளிக்கிற நேரம். மாலைச் சீவல் முடிந்து இறங்கிய பிறகு விடிலியில் உட்கார்ந்து கேட்கலாம். பெயர் போடலாமா, படம் போடலாமா என்று கேட்டுவிட்டே போட வேண்டும்.

எங்கள் கோரிக்கை சிறியது. திருநெல்வேலிப் பதிப்பில் வாரம் ஒரு முறை அரைப் பத்தி ஒதுக்கி, ஒரு வாரத்துக்கு ஒரு வேலை என்று வெளியிடுங்கள். தலைப்பு அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. 'கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது', 'தளைநார் முறுக்குவது', 'மறுகால் அடைப்பது' என்று இருந்தால் போதும். ஊர்ப் பெயர், எந்த மாதத்து வேலை, என்ன கருவி, எவ்வளவு, எங்கே தவறும் என்ற ஐந்தும் இல்லாத கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆச்சியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதி அனுப்பினால் அவற்றுக்கு முதலிடம் தர வேண்டும்.

தை பிறந்தால் தேரியில் தலை கழிக்கும் வேலை முடிந்து கடிப்பு இறங்கிவிடும். மார்கழிக்குள் தங்கள் இதழில் அறிவிப்பு வந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். விடிலிகளுக்கு அழைத்துப் போய்க் காட்டவும், வருகிற கடிதங்களில் பனை சம்பந்தமானவற்றைச் சரிபார்த்துத் தரவும் எங்கள் வட்டாரத்தில் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பனைத் தொழில் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்,
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.